என்று

பதினோரு வருடம்
என் வாக்கியங்கள் எல்லாம் ‘என்று’வில் போய்த்தான் நின்றன.
நிதிப் பிரிவு இப்படிக் கேட்கிறது என்று,
சட்டப் பிரிவு அதற்கு ஒப்பவில்லை என்று,
கிள்ளான் கிளையில் தாதியர்
ஒரே எண்ணை மூன்று தரம் தட்டுகிறார்கள் என்று.
எழுதியது ஆங்கிலத்தில்தான்.
ஆனாலும் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும்
எனக்கு மட்டும் தெரியும்படி
ஒரு ‘என்று’ உட்கார்ந்திருந்தது.
மழைக்கு ஒதுங்கலாம் அதன் கீழே.

நல்ல அனலிஸ்ட் என்று பெயர்.
இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், பிழையில்லாமல்.
யார் கேட்டது, எந்தத் தேதி, எந்த அறை,
எல்லாம் இருக்கும்.
நான் இருக்க மாட்டேன்.

மார்ச்சில் மின்னஞ்சலின் அடியில் பதவி மாறியது:
பிராடக்ட் ஓனர்.
சம்பளம் அப்படியே.
செந்தூலிலிருந்து அண்ணன் கேட்டான்,
“ஓனர்னா? வாடகை ஏதும் வருமா?”

கெரிஞ்சி, பதினேழாவது மாடி, முதல் ஸ்பிரிண்ட்.
ஹாஃபிஸ் மார்க்கர் மூடியைக் கடித்துக்கொண்டு கேட்டான்:
“எது முதலில்?”
விளக்கினேன்.
மூன்று தரப்பு, சாதகம், பாதகம்,
நடுநிலை தவறாத ஓர் அட்டவணை.
தலையாட்டினான். வெய் ஜியேவும் தலையாட்டினாள்.
ஏர்கோன் ஒருமுறை நின்று, மறுபடி ஓடியது.
“சரி மலர். எது முதலில்?”

எல்லாவற்றுக்கும் ‘கட்டாயம்’ போட்டுப் பழகிய கை இது.
இங்கே ஒன்றின் கீழ்தான் இன்னொன்று.
பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடமே இல்லை.

பிறந்தநாள் பலூன் பறக்க வேண்டும் திரையில் என்ற இயக்குநருக்கு
வேண்டாம் என்பது சுலபமாகத்தான் இருந்தது.
கொஞ்சம் ருசியாகக்கூட.

அப்புறம் வந்தது
எண்பத்து மூன்றாம் பக்கம், நான்காவது வரி.
டயாலிசிஸ் பிரிவு, தாதி ரொஹானா:
வண்டி வந்துவிட்டதைத் திரையில் காட்ட வேண்டும்,
ஊசி எடுத்த கையோடு
வாசலில் நிற்கிறார்கள் நோயாளிகள்.
எழுதியவள் நான்.
அன்று அவளோடு அந்த வாசலில் நின்றவளும் நான்.
பஞ்சை அழுத்திப் பிடித்தபடி ஒரு மனிதர்
ஒவ்வொரு வெள்ளை வேனுக்கும் ஓரடி முன்னே வைத்துப்
பின்வாங்கினார்.

நான்கு மருத்துவமனைகளில் உள்ளே நுழையவே முடியாமல்
திரை சுழன்றுகொண்டிருக்க,
அந்த வரியை ஒன்பதாவதாகத்
தள்ளி வைத்தேன்.

இதற்கு முன் என் வினைகள் எல்லாம் ‘பட்டது’கள்:
கோரப்பட்டது, ஆராயப்பட்டது, ஒத்திவைக்கப்பட்டது.
யார் கையும் படாமல் நடந்து முடிந்தவை.
வைத்தேன்.
அந்தச் சொல்லின் வாலிலேயே
ஓர் ‘ஏன்’ இருப்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆறே கால். ஸ்டேஷன் தகரக் கூரையில் மழை கொட்டுகிறது.
கிளானா ஜெயா போகும் ரயில் இரண்டு நிமிடத்தில்.
ரொஹானா அழைக்கிறாள்:
“என் வண்டி எப்போ வரும், மலர்?”

கேட்டுச் சொல்கிறேன்,
என்று வாய் தானாகத் திறந்தது.
யாரைக் கேட்பது?
மேலே பார்த்தேன். கூரைதான்.

“இந்தத் தடவை இல்லை” என்றேன்.
“யாரும் சொல்லி இல்லை. நான்தான் தள்ளி வைத்தேன்.”

மழையா, அவள் மௌனமா, பிரிக்க முடியவில்லை.
ரயில் வந்தது. ஏறவில்லை.
திட்டுவாள் என்று நினைத்தேன்.
அவள் கேட்டது வேறு:
“சரி. அதுவரைக்கும்
வாசலில் நாலு நாற்காலி போடச் சொல்லணும்னா
அது யார் வேலை?”

எந்தப் பட்டியலிலும் இல்லை அது.
பதினோரு வருடத்தில்
எந்தப் பக்கத்திலும்.

“தெரியாது, ரொஹானா” என்றேன்.
“கேட்டுச் சொல்கிறேன்.”